காவல்காரனும் கம்பைலரும் – 9: பொய்யென்று நினைத்த எச்சரிக்கை

இதுவரை: 1986-இல் லாகூரில் அல்வி சகோதரர்கள் எழுதிய 'பிரெய்ன்' வைரஸ், பிளாப்பிகளில் ஏறி உலகம் சுற்றியது. அதை விரட்ட ஒரு புதுத் தொழிலே பிறந்தது. 1991-இல் சென்னையிலும் கே7 கம்ப்யூட்டிங் தொடங்கப்பட்டது. வெளியாரைத் தடுக்க வைத்த காவல், உள்ளே உட்கார்ந்து புரோகிராம் எழுதுகிறவரையே மறிக்கத் தொடங்கிய இடத்தில் சென்ற வாரம் நிறுத்தினோம்.

14-ஆம் பாடத்தில் ஒரு மாயம்

தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கியது. தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம், அரூர், பாலக்கோடு பக்கத்துப் பிள்ளைகள் பலருக்குச் சொந்தமாகக் கிடைத்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். விண்டோஸ் 7-உம், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் அதில் சேர்ந்தே வந்தன. 2013-இல் செட்டிக்கரையில் அரசு பொறியியல் கல்லூரி வந்தது. 2019-இல் பிளஸ் டூ கணினி அறிவியல் பாடநூல் மாறியது. பைத்தான் உள்ளே நுழைந்தது.

அந்தப் பாடநூலின் 14-ஆம் பாடம் நம் கதைக்கு வேண்டியது. சி++ மொழியில் எழுதிய புரோகிராமைப் பைத்தானிலிருந்து இயக்குவது எப்படி என்று அது சொல்லித்தருகிறது. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாக வரும் எண்ணைக் கண்டுபிடிக்கும் சிறிய புரோகிராம் ஒன்று எடுத்துக்காட்டு. மாணவர் அந்தச் சி++ கோப்பின் பெயரைப் பைத்தானிடம் கொடுக்கிறார். பைத்தான் ஜி++ கம்பைலரைக் கூப்பிடுகிறது. கம்பைலர் ஒரு எக்ஸ்இ கோப்பை உண்டாக்குகிறது. பைத்தான் அதை அந்தக் கணமே ஓட்டுகிறது.

ஆசிரியருக்கு இது அழகான பாடம். அதையே ஆன்டிவைரஸின் கண்ணால் பாருங்கள். ஒரு ஸ்கிரிப்ட், கறுப்புத் திரையில் கட்டளை கொடுத்து, இன்னொரு புரோகிராமைத் தட்டி எழுப்புகிறது. அது முன்பின் தெரியாத ஒரு எக்ஸ்இ கோப்பை வட்டில் எழுதுகிறது. யாருடைய டிஜிட்டல் கையொப்பமும் அதில் இல்லை. ஒரு நொடிகூட ஆகவில்லை, அந்தக் கோப்பு ஓடத் தொடங்குகிறது. வைரஸ் எழுதுகிறவனும் இதே வரிசையில்தான் வேலை செய்வான்.

அதனால் சில கம்ப்யூட்டர்களில் விபரீதம் நடக்கிறது. பிழையே இல்லாமல் கம்பைல் ஆகிறது. போய்ப் பார்த்தால் எக்ஸ்இ கோப்பைக் காணோம். அல்லது முதல் தடவை ஓடுகிறது. ஒரு வரியைத் திருத்தி மறுபடி கம்பைல் செய்தால் 'பெர்மிஷன் டினைட்' என்று வருகிறது. பழைய கோப்பை ஆன்டிவைரஸ் இன்னும் கையில் பிடித்துச் சோதித்துக்கொண்டிருக்கும். அதன்மேல் புதியதை எழுதக் கம்பைலருக்கு வழியில்லை. மாணவரோ அரைப்புள்ளி எங்கே விட்டுப்போனது என்று தன் வரிகளையே திரும்பத் திரும்பத் துழாவுகிறார்.

பிழை அந்த வரிகளில் இல்லை. அது 1983-ஆம் ஆண்டு நவம்பரில், அமெரிக்காவின் ஒரு பல்கலைக்கழக வகுப்பறையில் இருக்கிறது.

தப்பே செய்யாத காவல் உண்டா?

தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம். நவம்பர் 3. வாராந்திரக் கருத்தரங்கில் ஃபிரெட் கோஹன் என்ற ஆய்வு மாணவருக்கு ஒரு யோசனை தோன்றுகிறது: மற்ற புரோகிராம்களுக்குள் தன்னையே நகலெடுத்து நுழைக்கும் ஒரு புரோகிராமை எழுதினால் என்ன? அதற்கு 'வைரஸ்' என்று பெயர் வைத்தவர் அவருடைய ஆசிரியர் லியனார்ட் ஏடல்மன். இன்றைய வங்கிப் பரிமாற்றங்களுக்கு அடித்தளமாக இருக்கும் ஆர்எஸ்ஏ மறைகுறி முறையின் மூன்றாவது எழுத்து இவர்தான்.

எட்டு மணி நேர உழைப்பில் கோஹன் தன் முதல் வைரஸை எழுதி முடித்தார். வேக்ஸ் 11/750 இயந்திரம், யூனிக்ஸ் அமைப்பு. நவம்பர் 10-இல் செய்து காட்டினார். ஐந்து முறை முயன்றதில் ஐந்து முறையும் ஒரு மணி நேரத்துக்குள் இயந்திரத்தின் முழு அதிகாரமும் வைரஸின் கைக்குப் போனது. மிகக் குறைந்த நேரம் ஐந்து நிமிடத்துக்கும் கீழே. பயந்துபோன நிர்வாகம் மேற்கொண்டு சோதனை நடத்த அனுமதி மறுத்தது.

கோஹன் அத்தோடு விடவில்லை. வைரஸை உண்டாக்கியவரே, அதைத் தப்பாமல் பிடிக்கும் வழி இருக்கிறதா என்றும் கணக்குப் போட்டார். எந்தப் புரோகிராமைக் கொடுத்தாலும் 'வைரஸ்', 'வைரஸ் இல்லை' என்று பிழையின்றிச் சொல்லும் கருவி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இப்போது ஒரு குறும்புக்காரப் புரோகிராம் அந்தக் கருவியிடமே போய், "நான் வைரஸா?" என்று கேட்கிறது. "ஆம்" என்றால் எதையும் தொடாமல் சும்மா இருந்துவிடுகிறது. "இல்லை" என்றால் பரவத் தொடங்குகிறது. கருவி எந்தப் பதிலைச் சொன்னாலும் அந்தப் பதில் பொய்யாகிவிடும். ஆகவே அப்படியொரு கருவி இருக்கவே முடியாது.

இந்தத் தொடரின் முதுகெலும்பே இதுதான். உலகத்தில் எந்த ஆன்டிவைரஸும் இரண்டில் ஒரு தவறைச் செய்தே ஆக வேண்டும். திருடனை விட்டுவிட வேண்டும், அல்லது வீட்டுக்காரரைப் பிடிக்க வேண்டும். எவ்வளவு பணம் கொட்டினாலும் இரண்டையும் பூஜ்ஜியமாக்க முடியாது. எந்தத் தவறைக் கூட்டி எதைக் குறைப்பது என்று முடிவெடுக்க மட்டுமே முடியும்.

ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் எந்தப் பக்கம் சாய்ந்தன?

ஊர் பேர் தெரியாத கோப்பு

தொடக்கத்தில் வேலை எளிது. பிடிபட்ட வைரஸின் உடலிலிருந்து ஒரு துண்டு பைட் வரிசையை எடுத்துப் பட்டியலில் சேர்ப்பார்கள். அதே வரிசை வேறு கோப்பில் தென்பட்டால் மணியடிப்பார்கள். வைரஸ்கள் ஒவ்வொரு நகலிலும் உருவத்தை மாற்றக் கற்றுக்கொண்டதும் பட்டியல் மட்டும் போதவில்லை. உருவத்தை விட்டு நடத்தையைப் பார்க்கத் தொடங்கினார்கள். மற்ற கோப்புகளில் கைவைக்கிறதா? தன்னைச் சுருக்கி மறைத்திருக்கிறதா? விசை அழுத்தங்களை ஒட்டுக் கேட்கிறதா?

தமிழர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. 'அம்மா' என்று அடிக்கும்போது ஆங்கில விசைகளை வழியில் பிடித்துத் தமிழெழுத்தாக மாற்றித் தருகின்றனவே தட்டச்சு மென்பொருள்கள், அவை செய்வதும் விசை அழுத்தங்களை இடைமறிக்கும் வேலைதான். கடவுச்சொல் திருடும் கீலாகரும் அதே வேலையைத்தான் செய்கிறது. நோக்கம் வேறு. நோக்கத்தைப் படிக்கும் கண் ஆன்டிவைரஸுக்குக் கிடையாது.

2009 வாக்கில் இன்னொரு முறை வந்தது: நற்பெயர். சைமான்டெக் அந்த ஆண்டு வெளியிட்ட நார்ட்டனிலும், மைக்ரோசாஃப்ட் 2011-இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 9-இலும் இதைக் கொண்டுவந்தன. இந்தக் கோப்பு உலகத்தில் எத்தனை பேரிடம் இருக்கிறது, எத்தனை நாளாக இருக்கிறது, யார் கையொப்பமிட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். லட்சம் பேர் வைத்திருந்தால் நல்ல கோப்பு. ஒருவரிடம் மட்டும் இருந்தால் சந்தேகம்.

இந்தக் கணக்கில் வசமாக மாட்டுகிறவர் புரோகிராம் எழுதுகிறவர். அரூர் மாணவர் இப்போதுதான் கம்பைல் செய்த எக்ஸ்இ உலகத்திலேயே ஒரே ஒரு கம்ப்யூட்டரில் இருக்கிறது, வயது இரண்டு நொடி, கையொப்பம் இல்லை. ஒரு வரியை மாற்றினால் அதுவும் போய், இன்னொரு புத்தம் புதுக் கோப்பு பிறக்கிறது. அவர் கோப்புக்கு நற்பெயர் சேர வாய்ப்பே இல்லை.

பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை. கூகுள் உருவாக்கிய 'கோ' மொழியின் அதிகாரபூர்வக் கேள்வி–பதில் பகுதியில், "என் ஆன்டிவைரஸ் ஏன் இதை வைரஸ் என்கிறது?" என்ற பொருளில் ஒரு கேள்வியே நிரந்தரமாக இடம்பிடித்திருக்கிறது. கோ கம்பைலர் தரும் கோப்புகளின் அமைப்பு ஆன்டிவைரஸ்களுக்குப் பழக்கமில்லாதது. பெரும்பாலும் பொய் எச்சரிக்கைதான் என்பது பதிலின் சாரம். கூகுள் வீட்டுப் பிள்ளைக்கே இந்த நிலை.

வேகமும் போகிறது. ஆன்டிவைரஸ் விண்டோஸின் கோப்பு அமைப்புக்கு நடுவே வடிகட்டிபோல உட்கார்ந்திருக்கும். திறக்கும் ஒவ்வொரு கோப்பும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். கடிதம் எழுதுகிறவர் ஒரு மணி நேரத்தில் நாலு கோப்பைத் திறப்பார். அவருக்கு வித்தியாசம் தெரியாது. இன்றைய ஜாவாஸ்கிரிப்ட் புராஜெக்ட் ஒன்றை நிறுவும்போது பல்லாயிரம் சின்னக் கோப்புகள் ஒரே மூச்சில் வட்டில் இறங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனை. அதனால்தான் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ போன்ற கருவிகளே, "விண்டோஸ் டிஃபெண்டர் உங்கள் வேலையை மெதுவாக்கக்கூடும்" என்ற பொருளில் அறிவிப்புக் காட்டுகின்றன.

பொய் எச்சரிக்கை ஒருபக்கம், ஆமை வேகம் மறுபக்கம். எரிச்சலில் டெவலப்பர்கள் ஒரு வழக்கத்துக்கு வந்தார்கள். ஆன்டிவைரஸ் கத்தினால், "அதற்கு வேறு வேலையில்லை" என்று சொல்லிவிட்டு அணைத்துவைத்தார்கள்.

அந்த அலட்சியத்துக்காகவே காத்திருந்ததுபோல ஒன்று ஏற்கெனவே உலவிக்கொண்டிருந்தது.

2009 ஆகஸ்ட்

டெல்ஃபி என்று ஒரு மொழிக்கருவி. 1995-இல் போர்லாண்ட் வெளியிட்டது. பாஸ்கல் மொழியை அடிப்படையாகக் கொண்டு விண்டோஸுக்கு விறுவிறுவென்று புரோகிராம் எழுத உதவியதால் உலகெங்கும் ரசிகர்கள். வங்கிக் கணக்குகளைத் திருடும் டிரோஜன் எழுதுகிறவர்களுக்கும் அதுவே பிடித்துப்போனது. விளைவு, டெல்ஃபியில் எழுதிய நல்ல புரோகிராம்களையும் ஆன்டிவைரஸ்கள் அடிக்கடி தவறாகப் பிடிக்கும். டெல்ஃபிக்காரர்களுக்கு இது பழகிப்போன தொல்லை.

2009 ஆகஸ்ட் மூன்றாவது வாரத்தில் ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் 'இன்டக்' என்று ஒரு பெயரை அறிவித்தன. டெல்ஃபியில் எழுதப்பட்ட புரோகிராம்கள் வரிசையாக மாட்டத் தொடங்கின. சோஃபோஸ் நிறுவனத்துக்கு மட்டும் 3,000-க்கும் மேற்பட்ட வெவ்வேறு கோப்புகள் வந்து சேர்ந்தன. எழுதியவர்கள் நேர்மையானவர்கள், மூலநிரலில் தேடினால் ஒரு வரிகூடக் கள்ளத்தனம் இல்லை. இதுவும் வழக்கமான பொய் எச்சரிக்கை என்று நினைக்க எல்லாக் காரணமும் இருந்தது.

ஆனால் இந்த முறை ஆன்டிவைரஸ் சொன்னது உண்மை!

இன்டக் என்ன செய்தது? தொற்றிய புரோகிராம் ஓடும்போது, அந்தக் கம்ப்யூட்டரில் டெல்ஃபி 4 முதல் 7 வரையிலான பதிப்பு ஏதாவது இருக்கிறதா என்று விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் பார்க்கும். இல்லையென்றால் பேசாமல் இருந்துவிடும். இருந்தால், டெல்ஃபியுடன் வரும் 'சிஸ்கான்ஸ்ட்' என்ற அடிப்படைக் கோப்பின் மூலநிரலை எடுத்து, அதன் கடைசியில் தன்னை எழுதிக்கொள்ளும். ஏற்கெனவே கம்பைல் ஆகியிருந்த நல்ல சிஸ்கான்ஸ்டுக்கு வேறு பெயர் சூட்டி ஒதுக்கிவைக்கும். பிறகு அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கும் டெல்ஃபி கம்பைலரையே கூப்பிட்டுத் திருத்திய கோப்பைக் கம்பைல் செய்யும். கடைசியில் திருத்திய மூலநிரலை அழித்துவிடும்.

அன்றிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரில் பிறக்கும் ஒவ்வொரு டெல்ஃபி புரோகிராமும் இன்டக்கைச் சுமந்தே பிறக்கும். எக்ஸ்இ கோப்பை ஆன்டிவைரஸ் அழித்தாலும் பயனில்லை. அடுத்த தடவை கம்பைல் பொத்தானைத் தட்டினால் மறுபடி வந்துவிடும். ஒதுக்கிவைத்த நல்ல கோப்பைத் திரும்பக் கொண்டுவந்து, எல்லாப் புரோகிராம்களையும் மீண்டும் கம்பைல் செய்து, வாங்கியவர்களுக்கெல்லாம் புதிதாக அனுப்புவதுதான் தீர்வு.

வேடிக்கை ஒன்று. சோஃபோஸ் பிடித்த கோப்புகளில் வங்கித் திருட்டு டிரோஜன்களும் இருந்தன. அவற்றை எழுதிய திருடர்களின் கம்பைலரையும் இன்டக் பிடித்திருந்தது. அது அவர்களுக்கே தெரியவில்லை!

நல்லவேளையாக முதல் இன்டக் பரவியதைத் தவிர வேறு கெடுதல் எதுவும் செய்யவில்லை. எழுதியவர் ஏதோ ஒன்றை நிரூபிக்க மட்டுமே விரும்பினாரோ என்னவோ. ஆனால் அதை நிரூபிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இப்படி நடக்கும் என்று 25 ஆண்டுகளுக்கு முன்பே, அதுவும் ஓர் ஆகஸ்ட் மாதத்தில், ஒருவர் அச்சில் எழுதிவைத்திருந்தார்.

யூனிக்ஸைப் படைத்தவரின் எச்சரிக்கை

கென் தாம்ஸன். டென்னிஸ் ரிட்சியுடன் சேர்ந்து யூனிக்ஸைப் படைத்தவர். அதற்காக இருவருக்கும் 1983-ஆம் ஆண்டின் டூரிங் விருது கிடைத்தது. அதை ஏற்று தாம்ஸன் ஆற்றிய உரை 1984 ஆகஸ்டில் ஏசிஎம் அமைப்பின் இதழில் வெளியானது. மூன்று பக்கம்தான். கணினிப் பாதுகாப்பில் அதைப்போல் தூக்கத்தைக் கெடுத்த மூன்று பக்கங்கள் குறைவு.

அவர் காட்டிய வித்தை இது. சி கம்பைலரில் ஒரு மாற்றம் செய்கிறார்: யூனிக்ஸின் லாகின் புரோகிராமைக் கம்பைல் செய்யும்போது, தனக்கு மட்டும் தெரிந்த ஒரு கடவுச்சொல்லுக்கும் கதவு திறக்கும்படி சத்தமில்லாமல் சேர்த்துவிட வேண்டும். இரண்டாவது மாற்றம்: கம்பைலர் தன்னைத்தானே கம்பைல் செய்யும்போது இந்த இரண்டு வித்தைகளையும் புதுக் கம்பைலருக்குள் சேர்த்துவிட வேண்டும். பிறகு மூலநிரலிலிருந்து எல்லாத் தடயத்தையும் அழித்துவிடுகிறார். லாகின் நிரலைப் படியுங்கள், சுத்தம். கம்பைலர் நிரலைப் படியுங்கள், அதுவும் சுத்தம். கதவு மட்டும் திறந்தே இருக்கிறது.

முழுக்க முழுக்க நீங்களே எழுதாத நிரலை நம்ப முடியாது என்பது அவர் முடிவு. இந்த யோசனையும் தனக்கு முதலில் தோன்றியதில்லை, மல்டிக்ஸ் அமைப்பை ஆராய்ந்த அமெரிக்க விமானப்படை ஆய்விலிருந்து கிடைத்தது என்று நாணயத்தோடு சொன்னார்.

2009-இல் டெல்ஃபிக்காரர்கள் பட்டதை 2015-இல் ஆப்பிள் பக்கத்து டெவலப்பர்களும் பட்டார்கள். ஐபோன் செயலிகளை எழுத உதவும் எக்ஸ்கோட் கருவி சில ஜிபி எடையுள்ளது. சீனாவிலிருந்து ஆப்பிளின் சர்வரில் அதை இறக்க நெடுநேரம் பிடித்தது. பலர் பைடூவின் கோப்புப் பகிர்வில் கிடைத்த நகலை இறக்கிக்கொண்டார்கள். அந்த நகலில் 'எக்ஸ்கோட்கோஸ்ட்' உட்கார்ந்திருந்தது. அதில் கம்பைல் ஆன செயலிகள் ஆப்பிளின் பரிசோதனையையும் தாண்டி ஆப் ஸ்டோருக்குள் போயின. வீசாட்டின் ஒரு பதிப்பே மாட்டியது. மேக் கம்ப்யூட்டரில் 'கேட்கீப்பர்' என்று ஒரு காவல் உண்டு; திருத்தப்பட்ட எக்ஸ்கோடை அது மறித்திருக்கும். டெவலப்பர்கள் அதை அணைத்துவைத்திருந்தார்கள் அல்லது மீறிப்போனார்கள். அணைக்க வேண்டாம் என்று ஆப்பிள் பிறகு கேட்டுக்கொண்டது.

இணையம் இழுத்துக்கொண்டு கிடக்கும் ஊர்களில் கம்பைலர் எப்படிக் கைக்கு வருகிறது என்பது நமக்குத் தெரியும். சீனியர் பென்டிரைவில் கொடுப்பார். அவருக்கு அவருடைய சீனியர் கொடுத்திருப்பார். முதல் நகல் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. அப்படி வந்த கம்பைலரை ஆன்டிவைரஸ் மறித்தால், அதைத் திட்டுவதற்கு முன் இன்டக்கை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே தருமபுரி மாணவர்களுக்கும், அவர்களுக்குக் கற்றுத்தரும் ஆசிரியர்களுக்கும் இந்த வாரத்தின் வேண்டுகோள். ஆன்டிவைரஸை ஒட்டுமொத்தமாக அணைக்காதீர்கள். புரோகிராம் எழுதுவதற்கென்று தனி ஃபோல்டர் ஒன்றை உண்டாக்கி, அதற்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்கும் பென்டிரைவுக்கும் ஒருநாளும் விலக்குக் கொடுக்காதீர்கள். கம்பைலரை அதை உருவாக்கியவர்களின் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்; கோப்பின் கைரேகைபோல வெளியிட்டவர் கொடுத்திருக்கும் ஹாஷ் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விண்டோஸ் 11 வைத்திருப்பவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் 2023-இல் அறிவித்த 'டெவ் டிரைவ்' என்ற வசதி இருக்கிறது. சோதனை முடியும்வரை கோப்பை மறித்து நிற்காமல், திறந்த பின் சோதிக்கும்படி டிஃபெண்டர் அங்கே தளர்ந்துகொள்கிறது. குறைந்தது 50 ஜிபி இடம் வேண்டும் என்பதுதான் தடை. உங்கள் புரோகிராமைத் தவறாகப் பிடித்தால் ஆன்டிவைரஸ் நிறுவனத்துக்கு அந்தக் கோப்பை அனுப்பி முறையிடுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் அதற்கென்று ஒரு வழி வைத்திருக்கின்றன.

வீட்டுக்காரரைத் தவறாகப் பிடிப்பது சின்ன விபத்து. காவல்காரன் வீட்டின் தூணையே திருடன் என்று நினைத்து வெட்டினால்?

2010 ஏப்ரல் 21. மெக்கஃபி நிறுவனம் வழக்கம்போல அன்றைய பட்டியலை அனுப்பியது, எண் 5958. விண்டோஸ் எக்ஸ்பி நிமிர்ந்து நிற்கத் தேவையான 'எஸ்விசிஹோஸ்ட்' என்ற கோப்பை அந்தப் பட்டியல் வைரஸ் என்றது. கம்ப்யூட்டர்கள் தாமாக அணைந்து, எழுந்து, மறுபடி அணைந்தன. அன்று மெக்கஃபியில் தொழில்நுட்பத் தலைமைப் பொறுப்பில் ஒருவர் இருந்தார்.

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை, இந்திய நேரம் காலை 9.39. வேறொரு பாதுகாப்பு நிறுவனம் ஒரு சின்னக் கோப்பை அனுப்பியது. உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் விழுந்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். அந்த நிறுவனத்தைத் தொடங்கி, அன்று அதன் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்தவரும் மெக்கஃபியின் அந்த மனிதரும் ஒருவரே.

யார் அவர்? முதல் விபத்திலிருந்து அவர் கற்றது என்ன, கற்காதது என்ன? அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)